கணக்குப்பிள்ளையின் பேரேடு ஏன் மேசையை விட்டுப் போகவில்லை?

கேள்வி: போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறோம், கேரளத்தின் வண்டன்மேட்டில் கிடங்கு உண்டு. தமிழும் மலையாளமும் பேசும் 18 பேர் வேலை பார்க்கிறார்கள். கணக்கு மென்பொருள் வாங்கி 8 மாதங்கள் ஆகியும், கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதிய பிறகே கணினியில் ஏற்றுகிறார். அவருக்குப் பதிலாக இளைஞர் ஒருவரை வைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது என்பதே என் கருத்து. ஆள் மாறினாலும் அந்தப் பேரேடு வாட்ஸ்அப் குறிப்பாகவோ சட்டைப்பையில் கிடக்கும் துண்டுச்சீட்டாகவோ திரும்பி வரும். ஏனெனில் அது கணக்குக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று, தவறு நேர்ந்தால் ஏச்சு வாங்காமல் தப்பிப்பதற்காகவும் வைக்கப்பட்டது. தாளில் எடை தவறாக ஏறினால் மாதக் கணக்கு முடிப்பதற்குள் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். மென்பொருளில் யார், எத்தனை மணிக்குப் பதிந்தார் என்பது பெரும்பாலும் தங்கிவிடும். ஆகவே அவர் முன்கூட்டியே தாளில் சரிபார்த்துக்கொள்கிறார். இதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிறுவனப் பண்பாட்டை ஆராய்ந்த எட்கர் ஷைன் அதை மூன்று அடுக்குகளாகப் பார்த்தார்: கண்ணுக்குத் தெரிபவை, வாயால் சொல்லும் கொள்கைகள், எவரும் எடுத்துப் பேசாத அடிப்படை நம்பிக்கைகள். நீங்கள் கணினி வாங்கியதில் மாறியது முதல் அடுக்கு மட்டுமே; 'தப்பு முதலாளி காதுக்குப் போகக் கூடாது' என்ற மூன்றாவது அடுக்கு அசையவில்லை.

எல்லையோரத் தொழிலில் இப்படித் தப்பை மறைக்கும் பழக்கத்திற்கு விலை உண்டு. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் கடக்கும் சரக்கின் மதிப்பு ரூ.50,000-ஐத் தாண்டினால் பொதுவாக இ-வே பில் (சரக்கைக் கொண்டுசெல்ல இணையத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) வேண்டும். ஏலக்காயில் ஒரு மூட்டையே அந்த மதிப்பைத் தொட்டுவிடும். பில்லில் எடையோ மதிப்போ தவறாக ஏறிவிட்டால் அதைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்திற்குள், வழியில் அதிகாரிகள் சரிபார்க்கும் முன்பே, ரத்து செய்துவிட்டுப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். மாதக் கடைசி வரை பொறுத்த பழைய வழக்கத்திற்கு இங்கே இடமில்லை. வண்டி எண்ணை மட்டும் வழியிலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் போடிமெட்டு மலைப்பாதையில் வண்டி பழுதாகி, சரக்கை வேறு வண்டிக்கு மாற்றும் நேரத்தில், 'முதலாளி போன் எடுக்கவில்லை' என்று கிடங்குக்காரர் கைகட்டி நின்றால், வசதி இருந்தும் பயனில்லை.

ஆகவே அதிகாரத்தைக் கீழே கொடுங்கள். கிடங்குக்காரர் தனியாக உள்நுழைய அவருக்கென்று துணைக் கணக்கு உருவாக்க இ-வே பில் தளத்திலேயே வழி உண்டு. அன்றன்று நேர்ந்த தவறுகளை மாலையில் பத்து நிமிடம் பேசுங்கள். முதல் வாரம் உங்கள் தவறை நீங்களே சொல்லித் தொடங்குவது நல்லது, இல்லாவிட்டால் வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அங்கே சொல்லப்பட்ட தவறுக்குச் சம்பளத்தில் பிடித்தம் கூடாது. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் ஒருவரைக் கடிந்துகொள்ளும் பழக்கம் இருந்தால் (பல கடைகளில் பார்த்திருக்கிறேன்) அதை அன்றே நிறுத்துங்கள். திரையில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தாள் எழுதி ஒட்டினால் பாதித் தயக்கம் போய்விடும்.

கணக்குப்பிள்ளையிடம் பதிவு வேலையை விட்டுச் சரிபார்க்கும் வேலையைக் கொடுங்கள். எந்தத் தோட்டக்காரர் எடையில் தகராறு செய்வார் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. பேரேட்டை நிறுத்தும் நாளை அவரே குறிக்கட்டும். அதுவரை தாளிலும் கணினியிலும் இரண்டு முறை எழுதும் செலவைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.