தீபாவளிக்கு மறுநாள் நோன்பு

கேள்வி: குடியாத்தத்தில் பிறந்து, மணமாகி மதுரைக்கு வந்தவள் நான். நம் பக்கத்தில் தீபாவளி என்றால் நோன்புதான் பெரிது. இங்கே என் புகுந்த வீட்டில் அந்த வழக்கமே இல்லை. இந்த நோன்பு எப்படித் தீபாவளியோடு சேர்ந்தது? நான் எடுக்கலாமா?

– வாசகி, மதுரை

பதில்: நாள் கணக்கால் சேர்ந்தது. தீபாவளி, நரகாசுரனை முன்னிட்டுத் தேய்பிறைச் சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பண்டிகை. தாங்கள் கேட்கும் கேதார கௌரி விரதமோ அமாவாசைக்கு உரியது. விஜயதசமியிலிருந்து எண்ணினால் அந்த அமாவாசை 21ஆவது திதி. அது தொடங்கும் நேரத்தைப் பொறுத்து, நோன்பு சில ஆண்டுகளில் தீபாவளியன்றே வரும், சில ஆண்டுகளில் மறுநாள் வரும்.

பிருங்கி முனிவர் வண்டுருக் கொண்டு சிவனை மட்டும் வலம் வந்ததால் சினந்து பூவுலகம் வந்த அம்மை, கௌதம முனிவர் சொற்படி இந்நோன்பை நோற்று இறைவனின் இடப்பாகத்தைப் பெற்றாள் என்பது விரதக் கதை. கேதாரம் இமயத்தில் இருக்கிறது. ஆனால், அதே கௌதமர் வழிகாட்ட அம்மை பவழக்குன்றில் தவமிருந்து இடப்பாகம் பெற்றாள் என்று சொல்வது, 1989 வரை நம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலையின் தலபுராணம். கார்த்திகை தீபத்தன்று மலையில் தீபம் ஏற்றும் வேளையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே வெளிவந்து காட்சி தருவதும் அந்த நினைவில்தான். நம் பக்கத்தில் இந்நோன்பு இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு அண்ணாமலையின் அண்மையே காரணம் என்பது என் கருத்து. நமக்கு மட்டுமே உரியது என்று மார்தட்ட முடியாது. யாழ்ப்பாணத்தார் 21 நாளும் நோற்கிறார்கள், ஆந்திரத்திலும் கேதாரேசுவர நோமு உண்டு.

பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் இடித்த மாவை வெல்லப்பாகில் கிளறிச் சுட்ட அதிரசம் 21, வெற்றிலை 21, பாக்கு 21, விரலி மஞ்சள் 21, நடுவே 21 முடிச்சிட்ட மஞ்சள் கயிறு என்று படைப்பது வழக்கம். படைத்துக் கயிறு கட்டும்வரை அதிரசத்தில் விள்ளல்கூட வாயில் படக்கூடாது. வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்மையான விரதம் அதுதான்.

நோன்பைப் புகுந்த வீட்டு வழக்கமாகக் கொள்வதால், நோன்பில்லாத வீட்டுக்குப் போன பெண்ணுக்குத் தாய்வீட்டார் கயிறும் அதிரசமும் கொடுத்தனுப்புவதுண்டு. விரதக் கதையில் தடை எதுவும் இல்லை. மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, முதல் கயிற்றைக் குடியாத்தத்திலிருந்தே வரவழைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.