குளிர்ந்த ஊரில் மர பெஞ்சு வெளுப்பது ஏன்?

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் தேக்கில் ஒரு பெஞ்சு செய்து, பளபளக்கும் வார்னிஷ் அடித்துத் தோட்டத்தில் போட்டோம். இப்போது அது சாம்பல் நிறமாகிவிட்டது. வார்னிஷும் செதில் செதிலாக உரிகிறது. பூந்தொட்டி வைத்திருந்த இடம் மட்டும் வட்டமாகப் பழைய நிறத்திலேயே இருக்கிறது. இவ்வளவு குளிரான ஊரில் வெயிலா இப்படிச் செய்யும்?
- வாசகி, ஏற்காடு

பதில்: அந்த வட்டத்திலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. தொட்டிக்கு அடியிலும் அதே குளிர்தான், அதே ஆண்டுகள்தான். வெளிச்சம் மட்டுமே அங்கே படவில்லை. மரத்தை வெளுக்க வைப்பது வெயிலின் சூடு அன்று, அதிலுள்ள புற ஊதாக் கதிர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் இக்கதிரின் வலிமை ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்பதால், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில், வெயில் உறைக்காவிட்டாலும், கீழே சேலத்தில் படுவதைவிட அதிகமாகவே அது படுகிறது. மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளை இக்கதிர் சிதைக்கிறது; சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போக, வெளிறிய நார் மட்டும் மேலே மிஞ்சுகிறது. மலையின் ஈரத்தில் அதன்மேல் பூஞ்சையும் படியும்போது சாம்பல் நிறம் அழுத்தமாகிறது. ஆயினும் இந்தச் சேதம் மேற்பரப்போடு நின்றுவிடும்; உள்ளே தேக்கு உறுதியாகவே இருக்கும், கவலை வேண்டாம்.

மீண்டும் நிறமற்ற வார்னிஷை மட்டும் அடித்துவிடாதீர்கள். சாதாரண வார்னிஷ் கண்ணாடியைப் போல வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். அடியிலுள்ள மரம் சிதைந்து பிடிமானம் போனதும், மேலே படலம் நன்றாக இருந்தாலும் உரியத்தான் செய்யும். பழைய வார்னிஷை முழுதும் சுரண்டி, 80, பிறகு 120 எண் உப்புத்தாளால் மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து, மழையில்லாத மாதங்களில் நன்கு காயவிட்டு, வெளிப்புற மரத்துக்கென்றே விற்கும், பழுப்பு நிறமி கலந்த எண்ணெய்ப் பூச்சை இரண்டு முறை பூசுங்கள். அந்த நிறமிதான் மரத்துக்குக் குடை. மண்ணில் படும் கால் முனைகளை விட்டுவிடாதீர்கள். பிறகு அவ்வப்போது சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: முத்து முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது; மரம் உறிஞ்சிக்கொண்டால் மறுபடி பூச வேண்டும்.

தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; பனிமூட்டத்தின் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நிழல் விழும் இடமாகப் பார்த்துப் பெஞ்சை நகர்த்திப் போடுவது எந்தப் பூச்சையும்விட மேல்.

கேள்வி: மொட்டை மாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தொட்டால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. பெயிண்ட் அடித்தால் சரியாகுமா?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஆகாது. அந்தப் பொடி, பிளாஸ்டிக்கே சிதைந்து உதிர்வது. போன வலிமையைப் பெயிண்ட் திரும்பத் தராது. மாடித் தண்ணீர்த் தொட்டிகள் பெரும்பாலும் கறுப்பாக இருப்பதற்கு ஒரு காரணம், அதில் கலந்துள்ள கரித்தூள் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காப்பதுதான். புதிதாக வாங்கும்போது வெளியில் போடத் தகுந்ததா என்று கேட்டு வாங்கி, உட்கார்ந்து எழுந்ததும் படிக்கட்டு அறைக்குள் அடுக்கிவிடுங்கள். பழையவற்றில் கால் சேருமிடத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால், பெரியவர்களை அதில் உட்கார வைக்கவே வேண்டாம்; முன்னறிவிப்பின்றி ஒடிந்துவிடும்.