சாய்கிற பக்கமே ஓட வேண்டும்: இரண்டு சக்கர ரோபோ கேள்வி பதில்

ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டது. பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு, பாலக்காடு என்று பாலக்காட்டுக் கணவாயின் இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாம் ஒரே சங்கதிதான்: இரண்டே சக்கரத்தில், தானாக நிமிர்ந்து நிற்கிற ரோபோ. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பாதிப் பேர் “பிஐடி-க்கு என்ன எண் போடுவது?” என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். பிஐடி என்பது சாய்வின் பிழையைப் பார்த்து மோட்டாரை எவ்வளவு ஓட்டுவது என்று முடிவு செய்கிற கணக்கு. அதில் மூன்று எண்கள்: இப்போதைய பிழைக்குக் கேபி, சேர்ந்துவந்த பிழைக்கு (இன்டெக்ரல்) கேஐ, பிழை மாறும் வீதத்துக்குக் கேடி. எண் தரப்போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கொழிஞ்சாம்பாறை, மூன்றாமாண்டு மாணவி: அண்ணா, எங்கள் ரோபோ முன்னால் சாய்ந்தால் சக்கரம் பின்னால் ஓடுகிறது. இன்னும் வேகமாக விழுகிறது. கேபி-யை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டோம்.

அம்மணி, கேபி-யை விட்டுவிடுங்கள். குறி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளங்கையில் துடைப்பக்கட்டையை நிறுத்தும்போது, அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கையைக் கொண்டுபோவோம். இதுவும் அதேதான். முன்னால் சாய்ந்தால் சக்கரம் முன்னால் ஓடி, உடம்புக்கு அடியில் போய்ச் சேர வேண்டும்.

ரோபோவைக் கையில் தூக்கிப் பிடித்து மெதுவாக முன்னால் சாயுங்கள். இரண்டு சக்கரமும் முன்னால் சுற்ற வேண்டும். இரண்டுமே எதிர்ப்பக்கம் சுற்றினால் புரோகிராமில் அவுட்புட்டின் குறியை மாற்றுங்கள். ஒன்று மட்டும் மாறிச் சுற்றினால் அந்த மோட்டாரின் இரண்டு வயரை மாற்றிப் போடுங்கள். மோட்டார்கள் எதிரெதிராக மாட்டப்படுவதால் இந்தக் குழப்பம் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். இது சரியாகும்வரை தரையில் வைக்கவே வேண்டாம்.

வேலந்தாவளம்: எம்பியு6050 சென்சாரில் ஆக்ஸிலரோமீட்டர், கைரோ இரண்டும் ஏன்? ஒன்று போதாதா? சென்சார் பிழையைக் கணக்கிட்டு வடிகட்டும் கால்மன் ஃபில்டர் போட்டால்தான் மதிப்பெண் வரும் என்கிறார்களே?

ஆக்ஸிலரோமீட்டர் புவியீர்ப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டும். ரோபோ அசையாமல் இருக்கும்வரை அது சொல்வது சரி. முன்னும் பின்னும் பாயத் தொடங்கினால் அந்தப் பாய்ச்சலையும் சாய்வு என்றே எடுத்துக்கொள்ளும். கைரோ சொல்வது கோணத்தை அல்ல, கோணம் மாறும் வீதத்தை. அதைக் கூட்டிக்கொண்டே போனால் கோணம் கிடைக்கும், ஆனால் அதிலுள்ள சின்னப் பிழையும் கூடவே சேர்ந்துகொண்டே போகும். நேராக நிற்கிற ரோபோ 10 டிகிரி சாய்ந்திருப்பதாகக் கொஞ்ச நேரத்தில் நம்பிவிடும்.

அதனால்தான் இரண்டையும் கலக்கிறோம்: கைரோ வழியாக வந்த கோணத்தில் 0.98 பங்கு, ஆக்ஸிலரோமீட்டர் கோணத்தில் 0.02 பங்கு. இந்த 0.98-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். லூப், அதாவது புரோகிராம் திரும்பத் திரும்ப ஓடும் சுற்று, 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஓடினால் இந்தக் கலவையின் நினைவு (கைரோவை எவ்வளவு நேரம் நம்புகிறது என்பது) ஏறக்குறைய அரை செகண்டு. 5 மில்லிசெகண்டு என்றால் கால் செகண்டு. லூப் வேகத்தை மாற்றினால் இதையும் பார்க்க வேண்டும்.

அப்புறம் அலகு. ±250 டிகிரி அமைப்பில் கைரோவின் எண்ணை 131-ஆல் வகுத்தால் செகண்டுக்கு எத்தனை டிகிரி என்று வரும். ஆக்ஸிலரோமீட்டர் எண்ணிலிருந்து கோணம் எடுக்கும் ஏடான்2 கட்டளை தருவது ரேடியன், அதை 57.3-ஆல் பெருக்க வேண்டும். ஒன்று டிகிரி, ஒன்று ரேடியன் என்று கலந்துவிட்டு ஃபில்டரைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

கால்மன் 1960-இல் தன் கட்டுரையை வெளியிட்டார், அருமையான கணக்கு. ஆனால் ஒரு கோணம், ஒரு கைரோ பிழை என்று மட்டும் வைத்து எழுதினால் சிறிது நேரத்தில் அதன் பெருக்கம் (எந்தச் சென்சாரை எவ்வளவு நம்புவது என்ற எண்) மாறாமல் நிலைத்துவிடும். அப்போது அது செய்வது கிட்டத்தட்ட இதே கலவையைத்தான். மதிப்பெண்ணுக்காகப் போடுங்கள், நிற்க வைப்பதற்கு அது தேவையில்லை.

பொள்ளாச்சி, இறுதியாண்டு: வீட்டில் தென்னைநார் மிதியடி மேல் அருமையாக நிற்கிறது. காலேஜ் லேப் டைல்ஸில் வைத்தால் கிடுகிடுவென்று நடுங்குகிறது. அதே புரோகிராம்தான். என்ன செய்வது?

இந்த வருடம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி. பொள்ளாச்சியில் நார் மிதியடி இல்லாத வாசல் ஏது? அதுதான் உங்கள் ரோபோவின் குறையை மூடி வைத்திருக்கிறது.

மஞ்சள் நிற பிளாஸ்டிக் கியர் மோட்டார்தானே போட்டிருக்கிறீர்கள்? பேட்டரியைக் கழற்றிவிட்டு, உடம்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, சக்கரத்தை மறு கையால் இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். மோட்டார் சுற்றாமலே சக்கரம் மட்டும் டக், டக் என்று கொஞ்சம் ஆடும். கியர் பற்களுக்கிடையே உள்ள ஆட்டம் அது. ரோபோ நிமிர்ந்து நிற்கும்போது மோட்டார் ஓயாமல் திசை மாறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை மாறும்போதும் மோட்டார் முதலில் இந்த இடைவெளியைக் கடந்தாக வேண்டும். அதுவரை சக்கரத்துக்கு விசை போகாது, ரோபோ அந்த நேரத்தில் இன்னும் சாய்ந்துவிடும். பல் போய் இடிக்கும்போது வேகமும் கூடியிருக்கும். அந்த இடிதான் உங்கள் நடுக்கம். மிதியடியின் நார் சக்கரத்தை லேசாகப் பிடித்துக்கொள்வதால் அதிர்வு அடங்கிவிடுகிறது. டைல்ஸுக்கு அந்தத் தயவு கிடையாது.

பிஐடி எண்ணால் இதைக் குறைக்கலாம், போக்க முடியாது. உலோகக் கியர் மோட்டார் வாங்குங்கள், கடையிலேயே தண்டைத் திருகி ஆட்டம் பார்த்து வாங்குங்கள். பணம் இருந்தால் நெமா17 ஸ்டெப்பர், அதாவது படிபடியாகச் சுற்றும் மோட்டார், போடுங்கள். கியரே கிடையாது, ஆட்டமும் இல்லை. சுற்றுக்கு 200 படி. டிரைவரில் 16-இல் ஒரு பங்கு மைக்ரோஸ்டெப் வைத்தால் 3200. எடை கூடும், மின்சாரம் அதிகம் இழுக்கும், ரொம்ப வேகமாக விரட்டினால் படி தவறும். இதெல்லாம் தெரிந்தே எடுக்க வேண்டிய முடிவு.

மோட்டார் மாற்ற வழியில்லை என்றால் இன்னொன்று பாருங்கள். மோட்டாருக்குப் போகும் சக்தியை மாற்றும் பிடபிள்யூஎம் எண்ணை 0-லிருந்து மெல்ல ஏற்றினால் குறிப்பிட்ட எண் வரை மோட்டார் முனகும், சுற்றாது. அந்த எண்ணைக் கண்டுபிடித்து அவுட்புட்டோடு எப்போதும் கூட்டிவிடுங்கள். இடது, வலது மோட்டார்களுக்கு அது வேறு வேறாக இருக்கும். டெமோவுக்கு முன் டயரை ஈரத்துணியால் துடையுங்கள், டைல்ஸ் தூசி ஒட்டினால் சக்கரம் வழுக்கும்.

பாலக்காடு, நான்கு பேர் குழு: வீடியோவில் சொன்ன அதே எண்கள்தான் போட்டோம். சீரியல் மானிட்டரில் கோணமும் சரியாக வருகிறது. ஆனால் நிற்கவில்லை. தடையைக் கண்டு நிற்க அல்ட்ராசோனிக் சென்சாரும் சேர்த்திருக்கிறோம்.

முதல் குற்றவாளி, எண்களைக் கணினித் திரையில் காட்டுகிற அந்த சீரியல் மானிட்டரே. 9600 பாட் வேகத்தில் செகண்டுக்கு 960 எழுத்துதான் போகும். கோணம், பிழை, அவுட்புட் என்று ஒவ்வொரு லூப்பிலும் 30 எழுத்து அச்சிட்டால், பஃபர் நிரம்பிய பிறகு ஒவ்வொரு சுற்றும் 31 மில்லிசெகண்டு காத்துக் கிடக்கும். நீங்கள் புரோகிராமில் 5 மில்லிசெகண்டு என்று எழுதியிருப்பீர்கள், அது காகிதத்தோடு சரி. 115200-க்கு மாற்றுங்கள், இருபது லூப்புக்கு ஒருமுறை மட்டும் அச்சிடுங்கள், காத்திருக்கச் சொல்லும் டிலே கட்டளை எங்கிருந்தாலும் எடுத்துவிடுங்கள். நேரம் சொல்லும் மைக்ரோஸ் கட்டளையை வைத்து லூப் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து பாருங்கள்.

இரண்டாவது ஆள் அல்ட்ராசோனிக். அதைப் படிக்கும் பல்ஸ்இன் கட்டளை எதிரொலிக்காகக் காத்திருக்கும்; நீங்கள் வரம்பு சொல்லாவிட்டால் ஒரு செகண்டு வரை காத்திருக்கும். அதற்குள் ரோபோ தரையில் கிடக்கும். முதலில் நிற்க வையுங்கள், தடை, புளூடூத் எல்லாம் பிறகு.

மூன்றாவது, எம்பியு6050-க்கு உள்ளேயே இருக்கும் லோ-பாஸ் ஃபில்டர். அலைச்சல் குறையட்டும் என்று 5 ஹெர்ட்ஸில் வைத்தால் தகவலே 19 மில்லிசெகண்டு தாமதமாக வரும். 44 ஹெர்ட்ஸ் அமைப்பில் தாமதம் 5 மில்லிசெகண்டுதான்.

எண் ஏன் சொல்லவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். வீடியோக்காரரின் எடை, சக்கரம், பேட்டரி, லூப் நேரம் எதுவும் உங்களுடையது அல்ல. கேஐ, கேடி இரண்டையும் 0 ஆக்கி, ரோபோ முன்னும் பின்னும் ஊசலாடும்வரை கேபி-யை ஏற்றுங்கள். ஊசல் அடங்கும்வரை கேடி கூட்டுங்கள். கேடி-க்குக் கோணத்தின் வித்தியாசத்தை எடுக்க வேண்டாம், கைரோ தருகிற வீதத்தை நேராகப் போடுங்கள். கடைசியில் கொஞ்சம் கேஐ.

கஞ்சிக்கோடு: எவ்வளவு டார்க் (சுழற்றும் திறன்) உள்ள மோட்டார் வாங்குவது? பேட்டரியை மேலே வைப்பதா, கீழே வைப்பதா?

கணக்குப் போட்டுவிடலாம். ரோபோ 1 கிலோ, எடைமையம் அச்சுக்கு 10 சென்டிமீட்டர் மேலே, 10 டிகிரி சாய்விலிருந்து மீள வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1 × 9.8 × 0.1 × சைன் 10° = 0.17 நியூட்டன் மீட்டர். கடை மொழியில் சுமார் 1.7 கிலோ-சென்டிமீட்டர். இரண்டு மோட்டாருக்கும் பிரித்தால் ஆளுக்கு 0.85. இதைப்போல மூன்று மடங்கு ஸ்டால் டார்க் (சுற்ற முடியாமல் நிற்கும்போது மோட்டார் தருகிற டார்க்) உள்ளதை வாங்குங்கள். டார்க் மட்டும் பார்த்து 60 ஆர்பிஎம் மோட்டார் வாங்கிவிடாதீர்கள். 65 மில்லிமீட்டர் சக்கரத்தில் 300 ஆர்பிஎம் என்றால் செகண்டுக்கு 1 மீட்டர் ஓடும். 60 என்றால் 20 சென்டிமீட்டர்தான், விழுகிற உடம்பைத் துரத்திப் பிடிக்க அது போதாது.

பேட்டரி விஷயத்தில் பலர் நினைப்பதற்கு நேர்மாறு. எடை மேலே போகப்போக ரோபோ மெதுவாகத்தான் விழும். 10 சென்டிமீட்டரில் விழும் நேர அளவு 0.1 செகண்டு, 40 சென்டிமீட்டரில் 0.2. ஆனால் டார்க் தேவை உயரத்தோடு நேராகக் கூடும். சின்ன மோட்டார் என்றால் நடுத்தட்டில் வையுங்கள்.

கோபாலபுரம், மாணவரின் அப்பா: கோயம்புத்தூரில் ரெடிமேடாகவே செய்து தருகிறார்களாமே. பையன் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

வேண்டாங்க. வாங்கினால் டெமோ அன்று நிற்கும். “இந்த எண்ணை ஏன் போட்டாய்?” என்று வெளித்தேர்வாளர் கேட்டால் பையன் நிற்க மாட்டான். அந்தக் காசில் நல்ல மோட்டார் வாங்கிக் கொடுங்கள்.

கொல்லங்கோடு: அறைக்குள் நிற்கிறது. மொட்டை மாடியில் வைத்தால் காற்றடிக்கிற பக்கமாகவே ஓடிப்போகிறது.

ஆடிக் காற்றில் கணவாய்க்குள் ரோபோ விடுகிறீர்கள், தைரியம்தான். உங்கள் புரோகிராம் கோணத்தை மட்டும் பார்க்கிறது. காற்று தள்ளும்போதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்றால் சக்கரம் காற்றோடு ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். காற்றுக்கு எதிராக லேசாகச் சாய்ந்து நின்றால் ஓட வேண்டியதில்லை, ஆனால் எவ்வளவு சாய்வது என்று அதற்கு யார் சொல்வது? மோட்டாரில் சுற்றை எண்ணுகிற என்கோடர் வைத்து, வேகத்தைப் பார்க்கிற இன்னொரு வெளி லூப் எழுதுங்கள். வேகம் 0 ஆகும்வரை அது இலக்குக் கோணத்தை மாற்றிக்கொண்டே வரும். சாய்தளத்திலும், பேட்டரி ஒரு பக்கம் தள்ளி இருந்தாலும் இதே லூப் காப்பாற்றும். உள் லூப்பைவிட இது மெதுவாக இருக்க வேண்டும்.

வாளையாறு: வைவாவில் என்ன கேட்பார்கள்?

“முன்னால் போகச் சொன்னால் ஏன் முதலில் கொஞ்சம் பின்னால் போகிறது?” நல்ல தேர்வாளர் இதைக் கேட்பார். முன்னால் வேகமெடுக்க உடம்பு முன்னால் சாய்ந்திருக்க வேண்டும், அதற்குச் சக்கரம் முதலில் பின்வாங்கியாக வேண்டும் என்று சொல்லுங்கள்.

“சைன் தீட்டாவைத் தீட்டா என்று எழுதியது ஏன்?” 10 டிகிரியில் இரண்டுக்கும் வித்தியாசம் அரை சதவீதம், 30 டிகிரியில் கிட்டத்தட்ட 5 சதவீதம். சின்ன கோணத்துக்குள்ளேயே வேலை நடப்பதால் செல்லும்.

வரலாறு கேட்டால் மூன்று வரி போதும். பிஐடி கணக்கை 1922-இல் மினோர்ஸ்கி கப்பலைத் தானாகத் திருப்புவதற்காக எழுதினார். டீன் கேமனின் செக்வே என்ற, தானே நிமிர்ந்து நிற்கும் இரண்டு சக்கர வண்டி 2001 டிசம்பரில் வெளிவந்தது, 2020-இல் தயாரிப்பு நின்றது. சுவிட்சர்லாந்தின் லோசானில் செய்த ‘ஜோ’ என்ற ரோபோவின் கட்டுரை 2002-இல் வந்தது. உங்கள் ரிப்போர்ட்டில் அதைக் குறிப்பிடலாம்.

மீனாட்சிபுரம்: 9 வோல்ட் பேட்டரி, எல்298என் மோட்டார் டிரைவர். கையில் வைத்திருந்து தரையில் விட்டால் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து விழுகிறது.

கையில் பிடித்திருந்த நேரமெல்லாம் இன்டெக்ரல் பிழையைச் சேர்த்து வைத்திருக்கிறது, விட்டதும் மொத்தமாகக் கொட்டுகிறது. அதற்கு மேல்வரம்பு வையுங்கள். சாய்வு 40 டிகிரியைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்தி இன்டெக்ரலை 0 ஆக்குங்கள்.

சதுர 9 வோல்ட் பேட்டரி இந்த மோட்டார்களுக்கு மின்னோட்டம் தர முடியாது. அதிலும் எல்298என் ஒரு ஆம்பியரிலேயே 2 வோல்ட் அளவுக்குத் தன்னிடமே வைத்துக்கொண்டு சூடாகும். சின்ன மோட்டார் என்றால் டிபி6612 டிரைவர் போடுங்கள். இரண்டு 18650 செல்லைத் தொடராக இணையுங்கள். முழு சார்ஜில் 8.4 வோல்ட். எந்தச் செல்லையும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். 8 வோல்ட்டில் பிஐடி எண்களை அமைத்துவிட்டு 6.5 வோல்ட்டில் டெமோ காட்டினால் அதே ரோபோ வேறு மாதிரி நடந்துகொள்ளும். காலையில் சார்ஜ் போட்டு எடுத்துப் போங்கள், மாற்று செல் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.