கோழிப்பேனும் கும்பிடுபூச்சியும் அடுத்த உயிரைத் தின்னுதானே வாழுது, ரெண்டும் ஒண்ணுதானா?

ஒண்ணு கிடையாதுங்க. கேட்டவங்க வீட்ல கோழி இருக்காதுன்னு நினைக்கிறேன், இருந்தா இப்படிக் கேட்டிருக்க மாட்டீங்க. எங்களுக்கு பாலக்கோடு பக்கம், வீட்ல எப்பவும் நாட்டுக்கோழி உண்டு.

போன கோடையில அடையில இருந்த கோழி ஒண்ணு முட்டையை விட்டு எந்திரிச்சு எந்திரிச்சு வந்து உடம்பைக் கொத்திக்கிட்டே கிடந்துச்சு, கொண்டையும் வெளுத்துப் போச்சு. ஆயா அதை மடியில கவுத்துப் போட்டு, எச்சம் போடுற இடத்துக்கிட்ட இறகை ஊதி விலக்கிக் காட்டுச்சு. இறகு அடியில வெள்ளையா ஈரு கொத்துக் கொத்தா ஒட்டியிருக்கு, வெளிச்சம் பட்டதும் வைக்கோல் கலர்ல தட்டைப் பேனுங்க நாலாபக்கமும் ஓடுது. அதுக்கு றெக்கையே கிடையாது, பொறந்து சாகுற வரைக்கும் கோழி மேலயேதான், கீழ விழுந்தா சில நாள்ல செத்துடும். அதனால கோழி உசுரோட இருந்தாதான் அதுக்குப் பொழப்பு. இறகையும் தோல் செதிலையும் கடிச்சுத் தின்னும், அதுல உடம்புப் பேன்னு ஒரு வகை, அதுன்னா குருத்து இறகைக் கடிச்சு ரத்தமும் குடிக்கும். புழுதியில அடுப்புச் சாம்பலைக் கலந்து கோழியைப் புரள விட்டோம், ஈரு பொரிக்கும்ல, அதனால ஒரு வாரம் விட்டு மறுபடியும் பார்க்கணும்.

கும்பிடுபூச்சி அப்படி இல்ல. எங்க அவரைப் பந்தல்ல கொடியோட கொடியா பச்சையா அசையாம நின்னுச்சு, வெட்டுக்கிளி கிட்ட வந்ததும் முள்ளு வச்ச முன்னங்கால்ல ஒரே அமுக்கு, துள்ளத் துள்ளத் தின்னுச்சு, றெக்கையை மட்டும் கீழ போட்டுட்டு அடுத்ததுக்குக் காத்துக்கிட்டு நின்னுச்சு. ஒண்ணையே நம்பி அது இல்ல, கொன்னு தின்னாதான் அதுக்குச் சாப்பாடு.

சுவாலஜி படிச்சவங்க ரெண்டுக்கும் ஆறு கால்தான், ரெண்டும் கூட்டுப்புழு ஆகாமலே வளருதுன்னு சண்டைக்கு வருவீங்க, அது சரிதான், நான் மறுக்கல. ஆனா கும்பிடுபூச்சிக்கு நெருங்கின சொந்தம் கரப்பான், பேன் இல்ல. கும்பிடுபூச்சி தேனீயையும் பிடிக்கும், அதனால அது ரொம்ப நல்லதுன்னும் நான் சொல்ல வரல.

அலகு நுனியை வெட்டிவிட்ட கோழிக்குத்தான் பேன் அதிகமா வரும், அலகால கோதி எடுக்க முடியாதுல்ல, அது பாவம். இவ்ளோ பார்த்து வளர்த்து சந்தைக்குக் கொண்டு போனா வியாபாரி கையில தூக்கிப் பார்த்தே விலை சொல்றாரு, தராசுல வைங்கண்ணான்னா கோபம் வருது. அதே கோழி கறிக்கடையில கிராம் கணக்குல விக்குது, எங்களுக்கு மட்டும் ஏன் கைக்கணக்கு?