ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் ஊர்ப் பக்கம் கடலில் தூண்டில் போட தனி ஜிபிஎஸ் கருவி வேண்டுமா, மொபைல் போதாதா?

வத்தை என்கிற நாட்டுப் படகை வாடகைக்கு எடுத்து, படகுக்காரரோடு போய் வருபவர் என்றால் மொபைலே போதும். டவர் போனாலும் மொபைலில் ஜிபிஎஸ் வேலை செய்யும், மேப்பை மட்டும் கரையிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். சொந்தமாக ஃபைபர் படகு வைத்துக்கொண்டு இருட்டில் கிளம்புகிறவருக்குத் தனிக் கருவி அவசியம். ஈரக் கைக்கு டச் ஸ்கிரீன் மசியாது. கார்மின் 78 மாதிரி பட்டன் வைத்தது கடலில் விழுந்தாலும் மிதக்கும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற செல் இரண்டு போட்டால் ஓடும்.

எதை வாங்கினாலும் முதலில் செட்டிங்கைப் பாருங்கள். இங்கே கடலில் பாயிண்ட், அதாவது மீன் கிடைக்கிற இடத்தின் எண், சொல்வது டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற கணக்கில். "ஒன்பது, இருபது, ஐந்நூறு" என்றால் 9 டிகிரி 20.500 நிமிடம். அதை மொபைலில் 9.205 என்று அடித்தால் போச்சு. 20.500-ஐ 60-ஆல் வகுத்து 9-உடன் கூட்ட வேண்டும், சரியான எண் 9.3417. இரண்டுக்கும் வித்தியாசம் 8.2 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். எனவே நீங்கள் அடித்த இடம் சுமார் 15 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணையில் இருக்க வேண்டிய பாயிண்ட், மன்னார் வளைகுடாவில் கிடக்கும்.

அப்புறம் எல்லை. நம் ஊரில் ஜிபிஎஸ்ஸின் முதல் வேலை மீன் காட்டுவது இல்லை, போகக் கூடாத இடத்தைக் காட்டுவது. 1974 ஒப்பந்தப்படி இலங்கையுடனான கோடு ஆதாம் பாலத்துக்குப் பக்கத்தில் 9 டிகிரி 6 நிமிடம் வடக்கு, 79 டிகிரி 32 நிமிடம் கிழக்கில் வந்து முடிகிறது. தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையிலிருந்து கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர் போனாலே கோடு வந்துவிடும். இன்ஜின் நின்று, நீரோட்டம் இழுத்தால் அது ஒரு தூரமே இல்லை. ஒப்பந்தப் புள்ளிகளைக் கருவியில் ஏற்றி, கோட்டுக்கு நன்றாக உள்ளேயே அலாரம் அடிக்கிற மாதிரி வையுங்கள். தெற்குப் பக்கம் குருசடை, மனோலி, முசல் தீவு உள்ளிட்ட 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அந்த எல்லைக்குள் தூண்டிலும் போடக் கூடாது.

பாயிண்ட்டுக்கு மேலேயே வந்து நங்கூரம் போடுவதும் வீண். கயிறு நீளுகிற தூரத்துக்குப் படகு நீரோட்டத்தோடு பின்னால் போய்விடும், உங்கள் தூண்டில் வெறும் மணலில் கிடக்கும். எதிர்நீரோட்டப் பக்கம் கொஞ்சம் தள்ளி மணலில் போட்டுக் கயிறு விட்டால் படகு பாருக்கு, அதாவது மீன் தங்குகிற கடலடிப் பாறைத் திட்டுக்கு, மேல் வந்து நிற்கும், பவளமும் உடையாது.

யாரும் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. படகுக்காரர் உங்களைக் கூட்டிப்போகிற பார் அவர் சொத்து மாதிரி. கோயில் கோபுரத்தையும் லைட் ஹவுஸையும் நேர் வைத்துப் பார்த்து அவர் அப்பா கண்டுபிடித்த இடமாக இருக்கும். நீங்கள் விளைமீனும் கலவாயும் பிடித்த குஷியில் பாயிண்ட்டை சேவ் பண்ணி வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அடுத்த ஞாயிறு அங்கே நாலு படகு நிற்கும். என்னிடம் ஒரு படகுக்காரர் கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "தம்பி, எடத்த மட்டும் போன்ல ஏத்திராதீங்க." நியாயம்தானே? டிராக் பதிவாகும் ஆப்பையும் அணைத்து வையுங்கள். மீன் படத்தைப் போடும்போது லொகேஷன் ஒட்டிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து யாராவது சாட்டிலைட் வழியே மெசேஜ் அனுப்பும் கார்மின் இன்ரீச் வாங்கி வந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். சாதாரண ஜிபிஎஸ்ஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, அதை போனில் போட்டு வையுங்கள்.