மலையேறும் பை வாங்கவும் அடுக்கவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: நண்பர்களோடு நக்கிள்ஸ் மலைப் பக்கம் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கப் போகிறேன். திருகோணமலைக் கடையொன்றில் ‘80 லீற்றர்’ என்று எழுதிய பை மலிவாகக் கிடைக்கிறது. 45 லீற்றர் பை ஒன்றுக்கு அதைவிட விலை கூட. பெரியதையே எடுத்தால் எல்லாப் பயணத்துக்கும் உதவும்தானே? (உப்புவெளி)

பதில்: அந்த 80 லீற்றரை முதலில் அளந்து பாருங்கள். பையை நிமிர்த்தி, உயரம், அகலம், ஆழம் மூன்றையும் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லீற்றர் கணக்கு வரும். உயரம் 60, அகலம் 32, ஆழம் 22 என்றால் 42 லீற்றர்தான். மூடியிலும் பக்கங்களிலும் உள்ள சிறு பைகளைக் கூட்டினாலும் 50க்கு மேல் போவது கடினம். மலிவுப் பைகளில் இந்தப் புளுகு சாதாரணம்.

இரண்டு இரவுக்கு 45 முதல் 50 லீற்றர் போதும். பாரத்தைக் கூட்டிப் பார்ப்போம்: வெறும் பை 1.5 கிலோ, தூங்கும் பை 1.2, கூடாரத்தில் உங்கள் பங்கு 1.5, உடுப்பு 1.2, மூன்று நாள் சாப்பாடு 1.8, தண்ணீர் 2 லீற்றருக்கு 2 கிலோ, அடுப்பும் பாத்திரமும் 0.7, மருந்து, டோர்ச் போன்ற சில்லறை 0.6. மொத்தம் 10.5 கிலோ. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்க வேண்டாம் என்பது பொதுவான அளவு. 60 கிலோ உள்ளவருக்கு அது 12 கிலோ. பையில் இடம் மிஞ்சினால் கடைசி நேரத்தில் இன்னொரு சாரம், இன்னொரு ரின் மீன் என்று உள்ளே போய்விடும். பை பெரிதாக இருப்பதன் உண்மையான தீமை அதுதான்.

விலைக் கூடுதலுக்குக் காரணம் பையின் முதுகுப் பக்கத்தை விறைப்பாக வைத்திருக்கும் சட்டமும் இடுப்புப் பட்டியும். முதுகுப் பக்கத்தை உள்ளிருந்து தடவுங்கள். அலுமினியத் தகடோ விறைப்பான பலகையோ கையில் தட்டுப்பட வேண்டும். சட்டம் இருந்தால்தான் பாரம் இடுப்பெலும்புக்கு இறங்கும். அது இல்லாத பை நடுவில் மடிந்துபோகும், முழுப் பாரமும் தோளில் விழும். இடுப்புப் பட்டி உள்ளங்கை அகலமாக, அமுக்கினால் உடனே மீளும் பஞ்சோடு இருக்க வேண்டும். வெறும் நாடா பையை ஆடாமல் பிடிக்குமே தவிர பாரம் தாங்காது.

அடுத்தது முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பில் கைகளை ஊன்றும்போது பின்னால் இரு பெருவிரல்களும் காட்டும் கோடு வரை, இன்னொருவரைக் கொண்டு நாடாவால் அளப்பியுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40 முதல் 53 சென்ரிமீற்றர் வரும். ஆள் உயரத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. நெடிய காலும் குட்டை முதுகும் உள்ளவர்கள் நிறைய. பையின் முதுகு நீளம் இதோடு பொருந்தாவிட்டால் எத்தனை லீற்றராக இருந்தாலும் வாங்காதீர்கள்.

வெறும் பையை மாட்டிப் பார்த்து எதுவும் தெரியாது. 5 கிலோ அரிசிப் பைகள் இரண்டைக் கொண்டுபோய் உள்ளே வைத்து, கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடவுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் இந்தச் சாமானை வாங்க வேண்டாம்.

கேள்வி: நல்ல பைதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் தோள் கடுக்கிறது, பை பின்னால் இழுக்கிறது. அடுக்குவதில் பிழையா? (கிண்ணியா)

பதில்: பின்னால் இழுத்தால் பாரமான சாமான் முதுகை விட்டு விலகி இருக்கிறது என்று அர்த்தம். அடியில் தூங்கும் பையும் இரவில் மட்டும் தேவைப்படும் உடுப்பும். அதற்கு மேல், முதுகோடு ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும்படி தண்ணீர், அரிசி, ரின் உணவு, கூடாரத் துணி. அவற்றுக்கு வெளிப்பக்கமாகத் துவாய், சாரம் போன்ற மெத்தென்ற சாமான், இல்லாவிட்டால் பாரம் சரியும். உச்சியில் மழைக்கோட்டும் சுவெற்றரும். மண்ணெண்ணெய் கொண்டுபோனால் அதை நிமிர்த்தி, சாப்பாட்டுக்குக் கீழே வையுங்கள். கசிந்தால் சமபோஷ மாவைக் காப்பாற்ற முடியாது. டோர்ச், பிளாஸ்டர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்), அட்டை கடிக்காமலிருக்கப் போடும் காலுறை எல்லாம் பையை இறக்காமல் எடுக்கும் இடத்தில் இருக்கட்டும்.

சுவெற்றரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊர் வெக்கையில் அடுக்கும்போது அது வீண் பாரமாகத்தான் தோன்றும். ஹோட்டன் சமவெளி சுமார் 2,100 மீற்றர் உயரம், சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். வியர்வையில் நனைந்த பருத்தி பெனியனோடு அந்தக் காற்றில் நின்றால் உடம்பு நடுங்கிவிடும். மாற்றுப் பெனியன் ஒன்றும் சுவெற்றரும் கட்டாயம்.

மாட்டும் ஒழுங்கும் முக்கியம். எல்லாப் பட்டிகளையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் இடுப்புப் பட்டி: பஞ்சின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும், வயிற்றில் அல்ல. பிறகு தோள் பட்டிகள், இறுக்காமல், தோளில் படியும் அளவுக்கு. பிறகு தோளுக்கு மேலேயுள்ள சிறு பட்டிகளை இழுத்துப் பையின் தலையை முன்னால் கொண்டுவாருங்கள். கடைசியாக நெஞ்சுப் பட்டி. பெரும்பாலானோர் தோள் பட்டியை முதலில் இறுக்குவதால் பை மேலே ஏறிவிடுகிறது, இடுப்புக்கு எதுவும் இறங்குவதில்லை. உங்கள் கடுப்புக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கண்டி பஸ்ஸில் சாமான் அறைக்குள் போடும்போது இடுப்புப் பட்டியைப் பின்புறமாகத் திருப்பிப் பையைச் சுற்றிப் பூட்டுங்கள். தொங்கும் கிளிப்தான் மிதிபட்டு உடையும்.

கேள்வி: மழை உறை போட்டும் பைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. உறை பழுதா? (நிலாவெளி)

பதில்: உறையில் குறையில்லை. கழுத்தில் விழும் மழை தோள் பட்டி வழியாக முதுகுப் பக்கம் இறங்கும். அந்தப் பக்கத்தை எந்த உறையும் மூடுவதில்லை. உறையின் அடியில் துளை இல்லாவிட்டால் அங்கே தண்ணீர் தேங்கிப் பை ஊறும். பைக்குள்ளேயே, வாயைச் சுருட்டிப் பூட்டும் நீர்புகா உள்ளுறை போடுங்கள். வாயைக் குறைந்தது மூன்று சுற்றுச் சுருட்ட வேண்டும். ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனைச் சோதித்து எடுத்துவிடுவார்கள் என்பதால் மெல்லிய பொலித்தீன் பையை நம்பிப் போக வேண்டாம்.

கேள்வி: ஒரு மாதத்துக்கு முன் வாங்கிய புதுப் பையின் உட்புறம் பிசுபிசுத்துச் செதில் செதிலாக உதிர்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். (மூதூர்)

பதில்: உதிர்வது துணியின் உட்புறத்தில் நீர் புகாமலிருக்கப் பூசிய பொலியூரத்தேன். காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும், வெப்பம் அதை விரைவாக்கும். ஒரு மாதத்தில் இப்படி ஆகாது. பெரும்பாலும் பல வருடம் எங்கோ கட்டிக்கிடந்த பழைய சரக்கு. வாங்கும்போதே உள்ளே மூக்கை நுழைத்துப் பார்த்தால் புளித்த வாடை வரும், விரலை அழுத்தி எடுத்தால் ஒட்டும்.

பற்றுச்சீட்டோடு ஒருமுறை கடைக்குப் போய்க் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும், ஆகவே தாமதிக்காதீர்கள். தொலைபேசியில் 1977. உதிர்வின் படங்களையும் பையின் உள்பக்கச் சீட்டின் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பற்றுச்சீட்டு வாங்காதவர்களுக்கு: கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை, அடுத்த முறை கேட்டு வாங்குங்கள்.

நல்ல பையும் எங்கள் ஊரில் பழுதாகும். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி மேல் வைக்காதீர்கள், பொலித்தீனில் கட்டிவைக்காதீர்கள். ஈரம் போகக் காயவைத்து, திறந்தபடி காற்றோட்டமான அறையில் தொங்கவிடுங்கள். கடற்கரைக்குக் கொண்டுபோனால் ஸிப்பை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்புக்காற்று அதன் இழுத்துப் பூட்டும் தலையை அரிக்கும். பூட்டிய பின் பல் பிரிந்தால் முழு ஸிப்பையும் மாற்றாமல் தலையை மட்டும் மாற்றலாம். அதன் பின்புறத்தில் 5, 8, 10 என்று எண் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அம்மா கதிர்காமப் பாத யாத்திரை போகிறார். என்ன பை? (வெருகல்)

பதில்: 25 முதல் 30 லீற்றர், தண்ணீரோடு 6 கிலோவுக்கு மேல் வேண்டாம். உகந்தை தாண்டிக் காட்டுக்குள் தண்ணீர்தான் பெரும் பாரம். ஒரு லீற்றர்ப் போத்தல் இரண்டை இரு பக்கமும் சமமாக வையுங்கள். இவ்வளவு குறைந்த பாரத்துக்குச் சட்டம் தேவையில்லை. தோள் பட்டி அகலமாக இருக்க வேண்டும், நெஞ்சுப் பட்டி கட்டாயம், சேலை மேல் பட்டி வழுக்கித் தோளை விட்டு இறங்கும். அம்மாவை, சேலை உடுத்தபடியே, கடைக்குக் கூட்டிப் போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.