“சார், பர்சனல் லோன் வேண்டுமா?”: தொல்லை அழைப்புகள் பற்றிய கேள்வி பதில்

பகல் தூக்கத்தில் தினமும் கடன் அழைப்பு. எங்கிருந்து தொடங்குவது? (திருச்சி, ஓய்வு பெற்ற ஆசிரியர்)

உங்கள் சிம்மிலிருந்தே 1909-க்கு “ஸ்டார்ட் 0” என்று ஆங்கில எழுத்தில் எஸ்எம்எஸ் அனுப்புங்கள் ஐயா. விளம்பரம் எதுவும் வேண்டாம் என்று அதற்குப் பொருள். இந்தப் பதிவைத்தான் டிஎன்டி (டூ நாட் டிஸ்டர்ப்) என்கிறார்கள். எழுத்து சிறிதாக இருந்து சிரமப்பட்டால் அதே எண்ணுக்குப் பேசியும் பதியலாம். இரண்டு சிம் இருந்தால் இரண்டிலும் தனித்தனியாகச் செய்யவேண்டும்.

டிஎன்டி போட்டால் வங்கி ஓடிபி நின்றுவிடுமா?

நிற்காது. அது விளம்பரத்தை மட்டும்தான் தடுக்கும்.

டிஎன்டி போட்டு வருஷக்கணக்காகிறது. இன்னும் பத்து இலக்க எண்ணிலிருந்து அழைக்கிறார்களே? (மதுரை, தையல் கடை)

பலரும் பதிவோடு நிறுத்திவிடுகிறார்கள், சிக்கல் அங்கேதான் அம்மா. முறைப்படி பதிவுசெய்த நிறுவனங்கள் விளம்பரத்துக்கு 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் அழைக்கவேண்டும். சாதாரண மொபைல் எண்ணிலிருந்து கடனோ மனையோ விற்பவர் விதியை மீறுகிறார். அவரை பிளாக் செய்தால் நாளை வேறு எண்ணில் வருவார். புகார் கொடுத்தால்தான் அவருக்கு வலிக்கும்.

அழைப்பு வந்த 7 நாளுக்குள் 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்: என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி, கமா, அழைத்த எண், கமா, தேதி. “கோல்ட் லோன் வேண்டுமா என்றார்கள்” என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் போதும். தட்டச்சு கஷ்டம் என்றால் டிராயின் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) டிஎன்டி செயலியில் அழைப்புப் பட்டியலிலிருந்தே எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம்.

2025 பிப்ரவரியில் டிராய் விதிகளை இறுக்கியது. முன்பு 3 நாளாக இருந்த புகார்க் கெடு 7 நாளானது. பதிவு பெறாத எண் என்றால், டிஎன்டி போடாதவரும் இப்போது புகார் தரலாம். 10 நாளில் 5 புகார் சேர்ந்தாலே நடவடிக்கை உண்டு. முதல் தடவை 15 நாள் வெளியே அழைக்க முடியாது. மறுபடி செய்தால் எல்லா இணைப்புகளும் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். அந்த ஐந்தில் ஒன்று உங்களுடையதாக இருக்கட்டும்.

ஜவுளிக்கடைத் தள்ளுபடி எஸ்எம்எஸ் மட்டும் டிஎன்டியைத் தாண்டி வருகிறது.

பில் போடும்போது “மொபைல் நம்பர் சொல்லுங்க” என்று கேட்டிருப்பார்கள், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். எண் சொன்னதே சம்மதம் ஆகாது. ஆனால் உறுப்பினர் அட்டைப் படிவத்திலோ செயலியிலோ விளம்பரத்துக்குச் சம்மதம் என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தால் அது டிஎன்டியையும் மீறும். அந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். எஸ்எம்எஸ் அனுப்பியவர் பெயரின் கடைசி எழுத்தையும் பாருங்கள்: “பி” என்றால் விளம்பரம், “எஸ்” சேவை, “டி” பரிவர்த்தனை, “ஜி” அரசு. என்னைக் கேட்டால், பில்லுக்கு எண்ணே தேவையில்லை. “வேண்டாம்” என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் பில் வந்துவிடும்.

“டிராயிலிருந்து பேசுகிறோம், 2 மணி நேரத்தில் உங்கள் சிம் கட்டாகும், 9-ஐ அழுத்துங்கள்” என்று அம்மாவுக்கு அழைப்பு வந்தது. பயந்துபோயிருக்கிறார்கள். (கோவை, கல்லூரி மாணவர்)

தம்பி, இது விளம்பரம் இல்லை, மோசடி. டிராய் யாரையும் அழைத்து இணைப்பைத் துண்டிப்பதாகச் சொல்வதில்லை. அம்மா எதையும் அழுத்தாமல் வைத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அவர்களைத் திட்டவும் வேண்டாம், படித்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். இத்தகைய எண்ணை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் “சக்ஷு” பகுதியில் தெரிவியுங்கள். பணம் போயிருந்தால் மட்டும் தளத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், அப்புறம் வங்கியை. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்துக்கும் 1909-தானா?

இல்லை, டிஎன்டி அங்கே செல்லாது. அந்த உரையாடலுக்குள்ளேயே ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள். மோசடி என்று தோன்றினால் சக்ஷுவிலும் சொல்லலாம், வாட்ஸ்அப்பையும் அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள்.